கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் கிடைத்த ஐடியா: குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றிய டாக்டர் டார்னியே

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டர்ல வச்சிருக்காங்க என்று நாம அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆனா அந்தப் பெட்டிக்கான யோசனை பிறந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை, ஒரு பூங்கா!

யார் இந்த டார்னியே?

ஸ்டெஃபான் டார்னியே 1828-ல் பிரான்ஸின் திஜோன் நகருக்கு அருகே பிறந்தவர். பாரிஸின் மத்தெர்னிதே மகப்பேறு மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தபோது, பிரசவமான பெண்கள் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து இறப்பதைப் பார்த்தார். வீட்டில் பிரசவித்தவர்களைவிட, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1857-ல் தன் ஆய்வேட்டில் இதைக் கணக்கோடு காட்டினார். இது தொற்று, பெண்களைத் தனித்தனியாக வைக்கணும் என்பது அவர் வாதம். 1867-ல் அதே மருத்துவமனையின் தலைமை டாக்டரானார்.

குழந்தைகள் ஏன் இறந்தன?

அடுத்து அவர் கவனம் குறைமாதக் குழந்தைகள் பக்கம் திரும்பியது. இந்தக் குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவு. அதனால் சூடு தங்காது, உடம்பு சில்லிட்டுவிடும். பஞ்சில் சுற்றி, கணப்பு அருகே வைப்பதைத் தவிர அப்போது பெரிய வழி இல்லை.

பூங்காவில் கிடைத்த விடை

1878-ல் பாரிஸ் பூங்கா ஒன்றில், கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்கும் சூடான பெட்டியை டார்னியே பார்த்தார். குழந்தைக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன? அந்தப் பூங்காவைச் சேர்ந்த ஓடில் மார்ட்டினிடம் கேட்டுச் செய்ய வைத்தார்.

அமைப்பு ரொம்ப எளிமை. இரட்டைச் சுவர் கொண்ட மரப்பெட்டி. கீழே வெந்நீர்த் தொட்டி, மேலே குழந்தைகள். 1880-களின் தொடக்கத்தில் இது மத்தெர்னிதேவில் பயன்பாட்டுக்கு வந்தது.

பலன் என்ன?

2 கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளில், முன்பு 100-க்கு 66 பேர் இறந்தார்கள். பெட்டி வந்தபின் அது 38 ஆகக் குறைந்தது. இதை 1883-ல் வெளியிட்டவர் அவரது உதவியாளர் ஒவார். பால் உறிஞ்சக்கூட தெம்பில்லாத குழந்தைகளுக்கு, மெல்லிய குழாய் மூலம் வயிற்றுக்கே பால் செலுத்தும் முறையையும் டார்னியே கொண்டுவந்தார்.

அவருக்குப் பிறகு

1897-ல் டார்னியே காலமானார். அவரது மாணவர் பியர் புதேன், தாய்ப்பாலையும் தாயின் கவனிப்பையும் வலியுறுத்தி இந்தப் பணியைத் தொடர்ந்தார்.

டார்னியே புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தக் குழந்தை பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில், கொஞ்சம் சூடும் கொஞ்சம் பாலும் கொடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். இன்றைய பச்சிளங்குழந்தை ஐசியு-க்களின் தொடக்கமும் அதுதான்.