கோமாளி மெட்டின் சொந்தக்காரர்

சென்ற ஆண்டு விழாவில் நம் குட்டிப் பையன் ஒருவன் கோமாளி வேஷத்தில் மேடையேறியதும் ஸ்பீக்கரில் ஒரு மெட்டு போட்டார்களே, நினைவிருக்கிறதா? சர்க்கஸ் என்றாலே காதில் ஒலிக்கும் அந்த மெட்டை எழுதியவர் ஒரு ராணுவ பேண்டு மாஸ்டர். பெயர் ஜூலியஸ் பூசிக். ‘தூக்குமேடைக் குறிப்பு’ எழுதி, 1943-ல் நாஜிகளால் கொல்லப்பட்டவர் இவருடைய சகோதரர் மகன். இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் நானும் முதலில் குழம்பினேன்.

பூசிக் 1872-ல் பிராக் நகரில் பிறந்தார். புகழ்பெற்ற துவோராக்கிடம் இசை படித்தார். 1891-ல் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவ பேண்டில் சேர்ந்தார். இடையில் விலகியவர் 1897-ல் பேண்டு மாஸ்டராகத் திரும்பி, சரயேவோ போனார்.

அந்த வருடம்தான் இந்த மார்ச் பிறந்தது. ஹார்மோனியத்தில் வெள்ளை, கறுப்புக் கட்டைகளை ஒன்றுவிடாமல் அழுத்திக்கொண்டே போனால் வரும் ஓட்டத்துக்குக் குரோமாடிக் என்று பெயர். முதலில் இதற்குக் குரோமாடிக் மார்ச் என்றே பெயர் வைத்தார். ரோமானிய வரலாற்றில் அவருக்குப் பிரியம் அதிகம். அதனால் ‘கிளாடியேட்டர்களின் வருகை’ என்று மாற்றினார். உயிரைப் பணயம் வைத்து மோதப் போகும் வீரர்கள் அரங்கில் நுழையும் காட்சி அது. ராணுவ நடைக்குரிய வேகத்தில் கேட்டால் சிரிப்பே வராது.

பிறகு லாரண்டோ என்ற கனடாக்காரர் இதைச் சிறிய பேண்டுகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுத, அமெரிக்காவில் ‘தண்டர் அண்ட் பிளேசஸ்’ என்ற பெயரில் வெளியானது. சர்க்கஸ் பேண்டுகள் வேகத்தைக் கூட்டிவிட்டன. அங்கே குதிரை ஓட வேண்டும், கோமாளி உருள வேண்டும், ஜனங்கள் கொட்டாவி விடக் கூடாது. இப்படி விரட்டி வாசிக்கும் மார்ச்சுகளுக்கு ‘ஸ்கிரீமர்’ என்றே பெயர். ஒரே ஒரு மார்ச்சை மட்டும் சாதாரணமாகத் தொட மாட்டார்கள். சூசாவின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ் ஃபாரெவர்’ ஒலித்தால், ஆபத்து என்று ஊழியர்களுக்கு அர்த்தம். 1944-ல் ஹார்ட்ஃபோர்டில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தபோது பேண்டு அதைத்தான் வாசித்தது.

பூசிக் 1913-ல் பெர்லினில் குடியேறி, சொந்தமாக ஒரு பேண்டும் இசைப் பதிப்பகமும் தொடங்கினார். மறு வருடமே உலகப் போர். கடன் ஃபைல்கள் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு, அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தொழில் நொடித்தது, உடம்பும் கெட்டது. 1916 செப்டம்பரில், 44 வயதில் காலமானார்.

யூடியூபில் ராணுவ பேண்டு வாசித்தது கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு அதையும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.