சேர். சி. வி. இராமன் (1888–1970)

மாணவர்களே, விஞ்ஞான சங்கங்களால் நாட்டுக்கு விளையும் பயன் யாதென வினவப்பட்டால், இவரது வாழ்வை உதாரணமாக எழுதுங்கள்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், 1907இல் கல்கத்தாவில் அரச நிதித்துறை உத்தியோகத்தில் சேர்ந்தார். பௌதிகவியலில் பேரார்வம் இருந்தும் அவருக்கென ஆய்வுகூடம் இருக்கவில்லை. வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நன்கொடைகள் திரட்டி நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அவருக்கு இடமும் கருவிகளும் அளித்தது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கு ஆய்வு செய்தார். 1917இல் உயர்ந்த சம்பளத்தைத் துறந்து பேராசிரியரானார். ஒளி சிதறும்போது அலைநீளம் மாறும் இராமன் விளைவை 1928 பெப்ரவரி 28இல் அச்சங்கத்திலேயே கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1904இல் காலமான சர்க்கார் அதனைக் காணவில்லை. 1934இல் இராமன் பெங்களூரில் இந்திய விஞ்ஞான அக்கடமியை நிறுவினார்.

நினைவிற் கொள்க: ஒருவர் நட்ட மரத்தின் கனியை அடுத்த தலைமுறையே பெற்றது.