விடுதலைக்குப் பின் வ.உ.சி.

தமிழகத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரை அறியாதார் இலர். கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்னும் இரு தொடர்களில் அன்னாரின் வாழ்வு முழுவதையும் அடக்கிவிடுவது நம் மேடைகளின் வழக்கமாகிவிட்டது. ஆனால், கம்பெனி தொடங்கிய நாள்முதல் சிறைக்கதவு திறந்த நாள்வரை எண்ணிப் பார்த்தால் அக்காலம் ஏறத்தாழ 6 ஆண்டுகளேயாகும். அதன்பின் அவர் வாழ்ந்தது 24 ஆண்டுகள். அந்த 24 ஆண்டுகளை வறுமை என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகிறோம். வறுமை உண்மைதான். அவ்வறுமையின் நடுவே அவர் தமிழுக்குத் தேடித்தந்த செல்வமும் உண்மை. அதனை எண்ணிப் பார்ப்பது இலக்கிய அன்பர்களாகிய நம் கடமை.

வழக்கறிஞரும் வணிகரும்

வ.உ.சி. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மையார். தந்தை வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டு முதலில் ஒட்டப்பிடாரத்திலும், 1900 முதல் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். எளியோர்க்குக் கூலி பெறாது வாதாடியவர் என்னும் நற்பெயரும் அவருக்கு இருந்தது.

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி சட்டப்படி பதிவுசெய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரே அதன் தலைவர், வ.உ.சி. துணைச் செயலாளர். புலமைக்குச் சங்கம் கண்டவரே கடல் வாணிகத்திற்கும் தலைமை தாங்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது. முதல் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கொன்றின் விலை 25 ரூபாய். செல்வர் சிலரிடம் பெருந்தொகை பெற்று முடித்துக்கொள்ளாமல், நடுத்தர மக்களும் பங்காளிகள் ஆகுமாறு வகுக்கப்பட்ட திட்டம் இது. வழக்கறிஞரின் சட்ட அறிவும் வணிகரின் துணிவும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன.

1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பெற்றுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டியாக நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. பயணிகளைக் கவர இலவசமாகக் குடை வழங்கவும் முற்பட்டது. இழப்பைத் தாங்கும் வலிமை அதற்கு இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இல்லை. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். தொழிலாளர் வென்றனர். மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர்.

சிறையில் பிறந்த அறநூல்

1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

உடல் ஒடுங்கிய அவ்விடத்தில் உள்ளம் ஒடுங்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றை மனம்போல வாழ்வு என்ற பெயரில் மொழிபெயர்த்தார். கண்ணனூரில் உடனிருந்த கைதிகளுக்கு அறம் உணர்த்தும் பொருட்டு மெய்யறத்தை இயற்றினார். திருக்குறளை அடியொற்றி, 125 அதிகாரங்களாக, ஓரடிப் பாக்களால் அமைந்த நூல் அது. அரசு குற்றவாளி என்று அடைத்த ஒருவர், குற்றவாளிகள் எனப்பட்டோரை மாணவராக ஏற்று நூல் செய்தார் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றில் அரிய செய்தி.

வறுமையும் மானமும்

1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது, கம்பெனி இல்லை. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுக் குடும்பத்தைக் காக்க முயன்றார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் அவருக்கெனத் திரட்டிய தொகை காந்தியடிகளிடம் இருப்பதை 1915-இல் அறிந்தார். தமக்கு அத்தொகை தேவை என்பதை மறைக்காமல் கடிதங்கள் எழுதினார். 347 ரூபாய் 12 அணா 1916-இல் அவர் கைக்கு வந்தது. லட்சக்கணக்கில் முதல் திரட்டியவருக்கு இச்சிறு தொகை எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. ஆயினும் தன் தேவையை நாணாது சொன்னதும், உரியதைத் தவிர வேறொன்றும் கேளாததும் மானமுள்ளவர் செயலே.

பதிப்பாசிரியர் வ.உ.சி.

இந்த நெருக்கடியின் நடுவேதான் 1914-இல் அகமே புறமும் மெய்யறமும், 1915-இல் மெய்யறிவும் பாடற்றிரட்டும் அச்சேறின. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். 1928-இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு வெளியிட்டார். 1930-களில் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையோடு பொருளதிகார இளம்பூரணத்தையும் வெளிக்கொணர்ந்தார்.

இத்தேர்வுகளில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. குறளுக்குப் பரிமேலழகரும், தொல்காப்பியத்திற்கு நச்சினார்க்கினியரும் புலவர் உலகில் கோலோச்சிய காலம் அது. வ.உ.சி. அவர்களுக்கு முற்பட்டவர்களை நாடினார். இன்று கிடைக்கும் குறளுரைகளில் காலத்தால் முந்தியது மணக்குடவர் உரை. தொல்காப்பியத்தின் முதல் உரையாசிரியர் இளம்பூரணர். மூன்று அதிகாரங்களுக்கும் முழுமையாகக் கிடைப்பது அவர் உரை ஒன்றே. இரண்டுமே சுருக்கமும் தெளிவும் உடையவை. பெரும்புலமை வாய்க்காதவரும் மூலத்தை நெருங்க வழிசெய்பவை. 25 ரூபாய்ப் பங்கால் கடல் வாணிகத்தை மக்களுக்கு உரியதாக்க எண்ணியவர், எளிய பழைய உரைகளால் இலக்கணத்தையும் அறத்தையும் மக்களுக்கு உரியதாக்க முனைந்தார் என்று கொள்வது பொருந்தும்.

ஆய்வில் அவர் யாருக்கும் அஞ்சியவர் அல்லர். குறளின் கடவுள் வாழ்த்து, வான் சிறப்பு, நீத்தார் பெருமை ஆகிய மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் வாக்கல்ல என்பது அவர் கொள்கை. பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. அவ்வாறே, பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்ததெனக் கருதி 1917-இல் அவர் உரையெழுதி வெளியிட்ட இன்னிலை, பழைய நூலன்று என்று பிற்கால ஆய்வாளர் தெளிந்தனர். இவற்றை மறைக்க வேண்டுவதில்லை. ஏடு தேடுவோர்க்கு நேரும் இடர்கள் இவை. அவர் புகழ் இவற்றால் குன்றாது.

நன்றியும் நிறைவும்

நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் வழக்கறிஞர் உரிமை அவருக்கு மீண்டும் கிடைத்தது. அந்நன்றிக்கு அடையாளமாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் நன்மையை மறக்கவில்லை. 1924 முதல் கோவிற்பட்டியிலும், 1932-க்குப் பின் தூத்துக்குடியிலும் தொழில் செய்தார். முன்னைய வருவாய் திரும்பவில்லை. ஆயினும் 1935-இல் தாமே எழுதிய அறத்துப்பால் உரையும் சிவஞானபோத உரையும் வெளிவந்தன. 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார். இறுதியில் எழுதிய உயிலில் கடைகளுக்குக் கொடுக்கவேண்டிய சிறு கடன்களையும் குறித்துவைத்தார்.

அவர் பெயரால் சிலைகளும் தெருக்களும் உள்ளன. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்குகிறது. இவையெல்லாம் கப்பலுக்குச் செய்த சிறப்பு. நூலுக்குச் செய்யும் சிறப்பு வேறு. அதனைக் கற்பவரே செய்ய இயலும். இளம்பூரணத்தை விரிக்கும் மாணவர், அதனை அச்சிற்குக் கொண்டுவந்தோருள் கடைக்குக் கடன்பட்டிருந்த ஒருவரும் உண்டு என்பதை அறிதல் வேண்டும். இலக்கிய அமைப்புகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் படத்திற்கு மாலையிடுவதோடு அமையாது, அவர் பதித்த நூலொன்றின் சில பக்கங்களையேனும் கூடியிருந்து கற்குமாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் கடனாகும்.