முதற் பட்டதாரி சி. வை. தாமோதரம்பிள்ளை

உயர்தர வகுப்பிற் சேரும் பருவம் வந்துவிட்டாற் பெற்றோர் ஆசிரியரைத் தேடி வருதல் வழக்கம். பள்ளிமுனையிலிருந்து வரும் தந்தையர் சிலர் கடலினின்றும் கரையேறிய கையோடு வந்து, கணிதமா, விஞ்ஞானமா, வணிகமா, கலையா, எத்துறை பயின்றால் எவ்வுத்தியோகம் கிட்டும் என வினவுவர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொள்வதாற் பயன் யாதென்பதும் எம்மிடம் கேட்கப்படுவதுண்டு. அவ்வேளைகளில் எம் நினைவில் எழுபவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள், வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாக அவர் பிறந்தார். கிறித்தவச் சூழலில் வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, கோப்பாயில் ஆசிரியரானார். பின் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின்பேரிற் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். இராசதானிக் கல்லூரியிலும் கற்பித்தார்.

1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதற் கலைமாணித் தேர்விற் சித்தியெய்தியோர் இருவரே. ஒருவர் தாமோதரம்பிள்ளை; மற்றவர் வட்டுக்கோட்டையில் அவருக்குக் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை. குருவும் சீடரும் ஒரே தேர்வுக்கு அமர, சீடர் முதலிடம் பெற்றார். இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பதை நம் மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும்.

பட்டம் பெற்றவர் செல்லத்தக்க வழி இதுவென அக்காலத்தில் எடுத்துரைக்க, முன்சென்ற பட்டதாரி எவருமிலர். கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையில் ஆசிரியராயினார். அதன்பின் சென்னை அரசாங்க வரவுசெலவுக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். அங்கிருந்தே சட்டம் பயின்று, 1871இல், முப்பத்தெட்டு வயதளவிற் சட்டப் பட்டமும் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். 1895இல் அரசாங்கம் றாவ்பகதூர்ப் பட்டம் அளித்தது.

இவற்றோடு நின்றிருப்பின், செல்வாக்குடன் வாழ்ந்த ஓர் உத்தியோகத்தர் என்ற அளவில் அவர் பெயர் மங்கியிருக்கும். அவர் பெயரை நிலைநிறுத்திய பணியோ எப்பல்கலைக்கழகமும் அந்நாளிற் கற்பியாதது, ஊதியம் தராதது, உள்ள பொருளையும் கொண்டுபோவது. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஊர்தோறும் ஆளனுப்பி, கடிதமெழுதி, கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி அச்சேற்றும் பணி அது. 1868இல், கணக்குப் பகுதி உத்தியோகத்தில் இருந்த காலத்தில், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். அதனைப் பரிசோதித்தளித்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் 1879இல் மறைந்தபின் அச்சுமை பெரும்பாலும் அவர் தோளிலேயே ஏறிற்று. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இற் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என அடுத்தடுத்து வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சுக்கண்டது அவர் பதிப்பித்த கலித்தொகையே. வீரசோழியம் பௌத்தர் செய்தது. சூளாமணி சமணர் செய்தது. சைவராக வாழ்ந்த அவர், தமிழ் நூல் அழியலாகாது என்றதன்றிச் சமயம் நோக்கி ஏடெடுத்தவரல்லர். பல சமயத்தாரும் கூடி வாழும் மன்னாரில் இதனைச் சற்று அழுத்திக் கூறுதல் தகும் என எண்ணுகின்றோம்.

இன்னொன்றும் எமக்குத் தோன்றுகின்றது. ஏட்டுப் பிரதிகள் முரண்படுமிடத்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? அது சாட்சிகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கறிஞர் வேலையையே ஒத்தது. எழுத்தெண்ணிப் பிழைதேடுதலோ கணக்கர் பழக்கம். அச்சகத்தோடு பழகப் பத்திரிகைத் தொழில் உதவியிருக்கும். ஒன்றோடொன்று தொடர்பற்றனபோற் காணப்பட்ட அத்தொழில்கள் அனைத்தும் ஏட்டின் முன் வந்து கூடின. கணக்குப் பகுதியிற் கழித்த ஆண்டுகள் வீணென்று எவர் கூறவல்லார்?

ஈட்டியதில் ஒரு பங்கை ஏழாலையில் அவர் நிறுவிய பாடசாலையும் பெற்றது. பதிப்புகள் கைப்பொருளைக் கரைத்தன. 1901ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிற் சென்னையில் அவர் காலமானார்.

அவர் தேர்வெழுதிய நாளிற் கலித்தொகை அச்சில் இல்லை. இன்று யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ தமிழ் சிறப்புப் பாடமாகப் பயிலும் நம் மாணாக்கர், அதனை நூலகத் தட்டிலிருந்து எடுத்துப் படிக்கின்றனர்.