எண்ணிக்கையில் உண்டு, ஏட்டில் இல்லை!

குடியேறியவன் எப்போது குடிமகனாகிறான்? எளிய கேள்விதான். ஆனால் ஈழத்து அரசியலையே புரட்டிப்போட்ட கேள்வி அது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களைப் பாருங்கள். 1896ஆம் ஆண்டு மதுரையிலிருந்து ரயிலேறி வந்த 16 வயது இளைஞர் மலையடியில் தங்கினார். அவரைத் தேடி வந்தோர் ஆசிரமத்தைச் சுற்றித் தங்கினர். இன்று அங்கே பல மொழி பேசுவோர், பல நாட்டார். அந்நிய நாட்டாருக்கு இங்கு வாக்கு இல்லை. அதனால் அவர்களுக்குக் குறையும் இல்லை, சொந்த நாட்டில் அவர்களுக்கு வாக்கு உண்டு. ஆனால் இதே மாவட்டத்து ஈழத் தமிழர் முகாம்களில் வாழ்வோரில் பெரும்பாலோரின் நிலை வேறு. விட்டு வந்த மண்ணில் உரிமை போயிற்று. வந்து சேர்ந்த மண்ணில் உரிமை வரவில்லை. இந்த அவலத்தின் வேரை அறிய வேண்டுமானால், தந்தை செல்வா என்று ஈழத் தமிழர் போற்றும் செல்வநாயகத்தின் வாழ்வை நாம் அறிந்தாக வேண்டும்.

அவரே குடியேறிய குடும்பத்தின் பிள்ளைதான்! 1898 மார்ச் 31இல் மலேயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர் அவர் தந்தை. சிறு வயதிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்து, படித்து, பட்டம் பெற்று, கொழும்பில் பெயர் பெற்ற வழக்கறிஞரானார். மெலிந்த உடல், தணிந்த குரல், அடுக்குமொழி அறியாத பேச்சு. மேடையை அதிரவைக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை; ஆனால் அசைக்க முடியாத உறுதி இருந்தது. 1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார்.

அந்தத் தேர்தலில் ஆள்வோரை உறங்கவிடாத ஒன்று நடந்தது. தேயிலைத் தோட்டத் தமிழன் திரண்டு வந்து வாக்களித்தான். 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். மலையகத்துத் தொகுதிகள் பலவற்றை அவர்களது இலங்கை இந்தியக் காங்கிரஸ் கைப்பற்றியது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். அவர்கள் வேட்பாளரை நிறுத்தாத இடங்களிலும் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. காடழித்துத் தோட்டம் போட்ட கை, வாக்குச் சீட்டைத் தொட்டதும் அதிகாரத்தின் நாற்காலி ஆடியது!

ஆட்டத்தை நிறுத்த என்ன செய்தார்கள்? வாதாடி வாக்குக் கேட்டார்களா? இல்லை, வாக்காளனையே நீக்கினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டில் தேர்தல் திருத்தச் சட்டம். லட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1952 தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றம் போக முடியவில்லை. கொடுமையிலும் கொடுமை என்னவெனில், இடங்களைப் பங்கிடும்போது தோட்டத் தொழிலாளியின் தலையும் எண்ணப்பட்டது. வாக்களிக்கும்போது மட்டும் அவன் கை தடுக்கப்பட்டது. அவன் தலையால் கிடைத்த இடத்துக்கு அயலான் உறுப்பினர் ஆனான்!

1948 செப்டம்பரில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் சேரவில்லை. மலையகத்தான் வேறு, யாழ்ப்பாணத்தான் வேறு என்று ஒதுங்கியிருந்தால் பதவி தேடி வந்திருக்கும். ஆனால் இன்று அவர்கள், நாளை நாம் என்று உணர்ந்தார் அவர். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952இல் அக்கட்சி வென்றது 2 இடம், செல்வநாயகமே தோற்றார். நான்கே ஆண்டுகளில், 1956இல், 10 இடம்!

வாக்கு வலிமையைக் குலைக்க இரு வழிகள் உண்டு. வாக்காளனை விரட்டுவது ஒன்று; வேறு வாக்காளனைக் கொண்டுவந்து குடியமர்த்துவது மற்றொன்று. கிழக்கு மாகாணத்தில் 1921இல் சிங்களவர் நூற்றுக்கு 5க்கும் குறைவு. 1981இல் ஏறத்தாழ 25. கல்லோயா போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. குடியேற்றத்தின் பின்னே 1960இல் அம்பாறைத் தொகுதி வந்தது. 1977இல் சேருவில தொகுதி வந்தது. நிலமற்ற சிங்கள உழவன் நிலம் பெறுவதை நாம் பழிக்கவில்லை. அவனும் ஏழைதான். ஆனால் அவனுடைய ஏழ்மையைத் தேர்தல் கணக்குக்குக் கருவியாக்கியதைத்தான் பழிக்கிறோம்.

செல்வநாயகம் இதை நன்கு அறிந்திருந்தார். அதனால்தான் 1957இல் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்திலும், 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்திலும் மொழியோடு நிலக் குடியேற்றத்தையும் சேர்த்தார். முதல் ஒப்பந்தம் 1958இல் கிழித்தெறியப்பட்டது. இரண்டாவது செயலுக்கே வரவில்லை.

இடையில் 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, 1 லட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி பின்னால் முடிவாகும் என்று பங்கு போட்டனர். மந்தையைப் பிரிப்பது போல் மனிதரைப் பிரித்தனர், போவோரைக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்கள்தாம் பின்னர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர்.

நடுக்குவாதம் உடலை வாட்டிய முதுமையிலும் செல்வநாயகம் ஓயவில்லை. புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து 1972இல் பதவி துறந்தார். அரசு இழுத்தடித்த இடைத்தேர்தல் 1975 பிப்ரவரியில் வந்தபோது, ஏறத்தாழ 16 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1977 ஏப்ரல் 26இல் மறைந்தார். அவர் மறைந்த சில மாதங்களில் நடந்த தேர்தலில், முப்பது ஆண்டுகளுக்குப் பின், தொண்டமான் மீண்டும் மலையக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். மிஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நமக்கு இதில் பாடம் இல்லையா? உண்டு. இந்தியாவில் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் குரல் குறையக்கூடாது என்றுதான் மக்களவை இடப் பங்கீடு 1971 கணக்கை ஒட்டியே நிற்க 1976இலும் 2001இலும் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் இடம்பெயர்வர், தொகை கூடும், குறையும். அது இயற்கை. அந்த மாற்றத்தைக் காட்டி எவர் குரலையும் அடைப்பது அநீதி. பக்கத்து வீட்டானின் பெயர் பட்டியலில் இருந்து விழும்போது வாய் மூடியிருப்பவன், தன் பெயர் விழும்போது கூவினால் கேட்க ஆள் இருக்காது. அதை 1948இலேயே உணர்ந்தவர் செல்வநாயகம். நாம் எப்போது உணரப்போகிறோம்?