நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்

நிழற்படக் கலை இளமையாய் இருந்த காலத்தில், தமது 48ஆம் வயதில் அதனைக் கற்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். இவர் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். 1838இல் சட்ட அறிஞரான சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1848இல் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது.

1863இல் மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு நிழற்படக் கருவியைப் பரிசளித்தனர். அவர் கோழிக்கூடத்தைப் படம் எடுக்கும் கூடமாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றினார். கண்ணாடித் தகட்டில் பசைக்கரைசல் பூசி, வெள்ளி நைட்ரேட்டு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்துக் கழுவ வேண்டும். படத்திற்கு நிற்பவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். கைகள் கறுத்தன, தகடுகள் பல பாழாயின. படங்கள் தெளிவற்றவை எனச் சிலர் குறைகூறினர். அம்மையார் தளரவில்லை.

விஞ்ஞானிகள் ஹெர்ஷல், டார்வின், கவிஞர் டென்னிசன் முதலியோரின் முகங்களை உள்ளவாறே பதிவு செய்தார். அதே கருவியால் கதையும் சொன்னார். வீட்டுப் பணிப்பெண் அன்னை மரியாளாகத் தோன்றினார். கணவர் மெர்லின் என்னும் மந்திரவாதியானார். மெய்யையும் கற்பனையையும் இவ்வாறு இணைத்ததே அவரது தனிச்சிறப்பு.

1875இல் அம்மையார் கணவருடன் இலங்கை சென்றார். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பித் தோட்டங்கள் நலிந்துவந்த காலம் அது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம்மவர்களே. அம்மையார் அங்கே தோட்டத்திலும் வீட்டிலும் பணிபுரிந்தோரையும், களுத்துறை ஊர் மக்களையும் படம் எடுத்தார். அவற்றுள் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதியில் அவர் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தில் அவர் படம் எடுத்த அறிஞர்களின் பெயர்களை உலகம் அறியும். இலங்கைப் படங்களில் உள்ள உழைப்பாளிகளுள் பெரும்பாலோர் யாரென்று எவரும் அறியார். முகம் இருக்கிறது, பெயர் இல்லை. கருவி முகத்தைக் காக்கும். பெயரை மனிதர்தாம் எழுதிக் காக்க வேண்டும்.

அன்பு மாணவர்களே! பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியரின் பழைய படங்கள் உங்கள் இல்லங்களிலும் இருக்கலாம். பெரியோரை அருகமர்த்தி, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு எனக் கேளுங்கள். அவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பெற்றோர்களே, அறிந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்வதற்கு ஆள் உள்ளபோதே இப்பணியைச் செய்து முடிப்போமாக.