கொட்ஸ்வோல்ட் ஒழுங்கைகளில் ஒரு தமிழ் மகன்

இங்கிலாந்தின் மேற்றிசையிலே, செவேண் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்குக் கிழக்கே, கொட்ஸ்வோல்ட் என வழங்கும் குன்றுத்தொடர் வடகிழக்காக நீண்டு கிடக்கின்றது. பேதுருதாலகாலையையும் நமுனுகுலையையும் கண்ட நம்மவர்க்கு அதனை மலையென்று சொல்ல நாவெழாது. அதன் உச்சியே 330 மீற்றர் உயரந்தான். ஆயினும் அங்குள்ள ஒழுங்கைகள் சமதரையென்பதை அறியா. ஒரு வளைவில் ஏறி மறு வளைவில் இறங்கி, இருமருங்கும் பசிய உயிர்வேலியோ சாந்திடாது அடுக்கிய கல்மதிலோ துணைவர, ஊரிலிருந்து ஊருக்கு ஓடுகின்றன. இந்நாளில் மின்விசை துணைசெய்யும் துவிச்சக்கர வண்டிகளில் ஏறி அவ்வழியே ஆறுதலாக உலாவருவது பலர்க்கும் இனிய பொழுதுபோக்காயிற்று. முழங்கால் தளர்ந்த முதியோரும் மூச்சு வாங்காமல் மேடேறுகின்றனர். ஒரு சிற்றூரில் இறங்கிப் பழைய கோயிற் சுவரைத் தடவிப் பார்க்கின்றனர். அடுத்த ஊரில் தேநீர் அருந்துகின்றனர். பொழுது சாயத் திரும்புகின்றனர்.

அவ்வுலாவினர் தடவிப் பார்க்கும் அந்தச் சுவர்க்கல்லை, ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஈழத்துத் தமிழ்மகன் ஒருவர் ஆராய்ச்சிக் கண்ணோடு நோக்கி எழுதினார். பின்னாளில் சிவனது ஆடலின் பொருளை மேல்நாட்டார்க்கு விளக்கிக் கீர்த்தி பெற்ற கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். அவரது வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொஸ்டன் அரும்பொருட்சாலையிலே தொடங்குவர். இல்லையேல் தில்லையம்பலத்திலே தொடங்குவர். நானோ அவ்வொழுங்கைகளில் தொடங்க விரும்புகின்றேன். அவருடைய கண் திறந்த இடம் அதுவென்பது என் துணிபு.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. சட்டநிரூபண சபையிலே தமிழர்க்காகப் பேசியவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் அவர் தாய்மாமன். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. தாயும் மகவும் முன்னரே இங்கிலாந்து சென்றுவிட, பின்தொடர இருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், கப்பலேற வேண்டிய அன்றே, கொழும்பில் உயிர்நீத்தார். இவ்வாறாக, இரண்டு வயது நிரம்பாத குழந்தை தந்தையின் மொழியும் மண்ணும் அறியாது ஆங்கிலப் பிள்ளையாக வளரலாயிற்று.

பன்னிரண்டாம் வயதில், 1889இல், குளொஸ்டர் மாகாணத்து ஸ்டோன்ஹவுஸ் என்னும் ஊரிலுள்ள வைக்கிளிவ் கல்லூரியில் அவரைச் சேர்த்தனர். கொட்ஸ்வோல்ட் குன்றுகளின் மேற்கு அடிவாரத்தில் உள்ளது அவ்வூர். ஊருக்கு மேலே தோன்றும் டோவரோ குன்றின் மண்ணியலைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையிலே 1895இல் அவர் எழுதியதே அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. உலகெங்கும் ஓதப்பெறும் கலைநூல்கள் பலவற்றை இயற்றிய கை முதன்முதல் எழுதியது ஒரு சிறு குன்றின் பாறை அடுக்கைப் பற்றி என்பதை என் மாணாக்கர்க்கு நான் சொல்லத் தவறுவதில்லை.

அந்நாட்டுக் கல்லைப் பற்றி இங்கே சிறிது கூறல் வேண்டும். கொட்ஸ்வோல்ட் வீடுகள் தேன்நிறங் கொண்டவை. அவற்றுக்குரிய சுண்ணாம்புக்கல்லை உற்று நோக்கின், மீன்சினை போன்ற நுண்ணிய உருண்டைகள் நெருங்கிச் செறிந்திருக்கக் காணலாம். முட்டைக்கல் என்னும் பொருள்பட மேல்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர். கோடி கோடி ஆண்டுகளுக்கு முன்னர், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அலை புரட்டப் புரட்ட, மணலினும் சிறிய துகள்களைச் சுண்ணாம்பு படலம் படலமாகப் பொதிந்தமையால் உண்டானவை அவ்வுருண்டைகள். இவற்றை விரைந்தோடும் வண்டியிலிருந்து காண முடியாது. மண்ணியல் மாணவன் நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வெட்டுண்ட கரையருகே குனிந்து பார்க்க வேண்டும். கல்லைக் குனிந்து பார்க்கப் பழகிய பிள்ளை பின்னர்க் கோயிற் சிற்பத்தையும் கிராமத்து மட்கலத்தையும் அவ்வாறே குனிந்து பார்த்தான்.

அக்குன்றடிவாரத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. ஸ்டோன்ஹவுஸ், ஸ்ட்ரௌட் முதலிய ஊர்களின் பள்ளத்தாக்குகள் கம்பளித் துணிக்குப் பேர்போனவை. ஆங்கிலப் படைஞரின் செந்நிறச் சட்டைத்துணி அங்கேதான் நெய்யப்பட்டது. வீடுதோறும் ஒலித்த கைத்தறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே ஆலைகளுக்குத் தோற்று ஓய்ந்தன. குமாரசுவாமி அங்கே கல்வி கற்ற காலத்தில் ஆலைகள் இருந்தன. வீட்டுத் தறிகள் இல்லை.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே 1900இல் மண்ணியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்புப் பட்டம் பெற்றார். 1902இல் எதெல் பாட்ரிட்ஜ் என்னும் நங்கையை மணந்து இலங்கைக்கு வந்து, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக விளங்கினார். தோரியனைற்று என்னும் கதிர்வீசும் கனிமத்தை 1904இல் கண்டறிந்தார். இப்பணிக்காகவே இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் அளித்தது.

கனிமந் தேடுவோன் பெருந்தெருவோடு நின்றுவிட இயலாது. ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் நுழைந்தாக வேண்டும். அவ்வாறு நுழைந்த குமாரசுவாமி கண்டி நாட்டிலே கல்லைக் காட்டிலும் கைகளையே மிகுதியாகக் கண்டார்: பித்தளை வார்ப்போர், யானைத்தந்தம் கடைவோர், பாய் பின்னுவோர், சுவரோவியம் தீட்டுவோர். தலைமுறை தலைமுறையாக வந்த அக்கலைஞர்கள் ஆதரிப்பாரின்றி மெலிந்து கிடந்தனர். அவர்களை ஆதரிக்க வேண்டியோர் ஐரோப்பிய உடை தரித்து இறுமாந்திருந்தனர். இதனைக் கண்டு நொந்து 1905இல் ‘இரவல் இறகுகள்’ எனப் பொருள்படும் தலைப்பிலே சிறு நூலொன்று வெளியிட்டார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும் அக்காலத்திலே அவரது முயற்சியால் எழுந்தது. எதெல் அம்மையார் கணவருடன் ஊரூராகச் சென்று கைத்தொழில்களை நிழற்படம் பிடித்தார். அம்மையாரின் உழைப்பைப் பலர் ஒரு வரியோடு கடந்துவிடுகின்றனர், அது நேர்மையன்று.

1907இல் இருவரும் இங்கிலாந்து திரும்பிக் குடியிருக்கத் தெரிந்த இடமும் கொட்ஸ்வோல்ட்டே. இம்முறை தொடரின் வடகோடி. சிப்பிங் காம்டன் என்னும் பழைய கம்பளி வணிக நகருக்கு 1902இல் ஆஷ்பி என்னும் சிற்பநூல் வல்லார், இலண்டனிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கைவினைஞரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து குடியேற்றியிருந்தார். வெள்ளி வேலை, மரவேலை, நூற்கட்டு ஆகியன அங்கே கையாலேயே நடைபெற்றன. எதெல் அம்மையாரின் உடன்பிறந்தாரும் அக்குழுவில் நகைவினைஞராயிருந்தார். அருகிலுள்ள புரோட் காம்டனிற் சிதைந்து கிடந்த பழைய நோர்மன் சிற்றாலயம் ஒன்றை ஆஷ்பி புதுக்கிக் கொடுக்க, குமாரசுவாமி அதனை இல்லமாக்கிக் கொண்டார். வில்லியம் மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட கைப்பொறியும் அவ்வில்லத்துக்கு வந்து சேர்ந்தது.

1907 செத்தெம்பர் முதல் 1908 திசெம்பர் வரை, பதினைந்து மாதங்கள், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை அப்பொறியிலே அச்சிடுவித்தார். மொத்தம் 425 படிகள். தாள் தாளாக மையிட்டு, கையாற் பொறியை இழுத்து அச்சிட்ட வேலை அது. கண்டிக் கொல்லனையும் தச்சனையும் பற்றிய செய்திகள், ஆங்கிலக் குன்றடியிலே, அவர்களை ஒத்த கைவினைஞரின் அயலிலே அச்சேறின. இதிலே ஒரு துயரமும் கலந்தது: நூல் அச்சாகிக்கொண்டிருக்கும் பொழுதே ஆஷ்பியின் குழு பொருள்முட்டால் நொடிந்து கலைந்தது. இயந்திரச் சரக்கின் விலையோடு அவர்களாற் போட்டியிட முடியவில்லை.

இதனாலே சிலர் குமாரசுவாமியை இயந்திரப் பகைவர் என்றும், கடந்த காலத்தைக் கனவுகண்டு அழுதவர் என்றும் பேசுவர். என் வகுப்பிலும் இவ்வினா எழுவதுண்டு. மின்வண்டியில் கொட்ஸ்வோல்ட் மேடேறும் ஒருவரைக் கண்டால் அப்பெரியார் முகஞ்சுளிப்பாரோ என்று குறும்பாகக் கேட்டான் ஒரு மாணவன். குறும்பாயினும் நல்ல கேள்வி. அவரது கொள்கையை உணர்ந்தவர்க்கு விடை தெளிவு. கருவி வேறு, இயந்திரம் வேறு என்று அவர் பிரித்தார். கம்பளம் நெய்வோனின் தறி கருவி. அது நூலை இழுத்துப் பிடித்து நெய்வோனின் விரலுக்கு இடந்தருகின்றது. விசைத்தறியோ மனிதன் செய்ய வேண்டிய பகுதியையே தான் செய்துவிடுகின்றது. அவனை வெறுங் காவற்காரனாக்குகின்றது. சூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1973இல் வெளியிட்ட நூலிலே இப்பகுப்பை எடுத்தாண்ட பின்னரே உலகம் இதனைப் பரவலாக அறிந்தது.

இவ்வளவுகோலைக் கொண்டு அளந்து பாருங்கள். அந்நாட்டுச் சட்டப்படி அவ்வண்டியின் மின்பொறி 250 உவாற்றுக்கு மேற்படலாகாது. மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர் விரைவை எட்டியதும் துணை நின்றுவிடும். மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிடும். மிதிப்பவன் காலும் பார்ப்பவன் கண்ணும் அவனுக்கே உரியவாய் எஞ்சுகின்றன. ஆகவே அது கருவியின் பக்கமே சேரும் என்பேன். அதே வண்டியில் சுற்றுமுற்றும் பாராது பறப்பவனைப் பற்றி நான் பேசவில்லை.

எங்கள் வரிப்பத்தான்சேனையில் ஏறுவதற்கு மேடில்லை. இறக்காமக் குளக்கட்டும் வயல் வட்டைகளுமே உண்டு. ஆனால் இந்தக் கருவி, இயந்திரம் என்னும் வழக்கு எமக்குப் புதிதன்று. கல்முனைக்கு வடக்கே மருதமுனையிலே சாரமும் சேலையும் நெய்யும் கைத்தறிகளின் ஒலியைக் கேட்டு வளர்ந்தவர் இக்கரையிற் பலர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் அவ்வூரைப் பாழாக்கியது. அதற்குப் பின்னும் தறியிலே அமர்ந்தவர் உண்டு. கடற்கோளிலும் கொடிதாக அவர்களை அரிப்பது சந்தையிற் குவியும் விசைத்தறித் துணியே. மருதமுனை நெசவாளர் பிள்ளைகளுக்கு நான் குமாரசுவாமியைப் பாடஞ் சொல்லும்போது, தில்லைக் கூத்தனைப் பற்றிய கட்டுரையிலே கண்மூடி இருப்போரும் தறியைப் பற்றிய பகுதியிலே நிமிர்ந்து உட்காருகின்றனர்.

பிற்கால வரலாறு யாவரும் அறிந்ததே. இந்தியாவிற் பலமுறை சுற்றி ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டினார். அவற்றைக் காசியிலே ஒரு தேசிய அரும்பொருட்சாலை அமைப்பதற்காக ஈய முன்வந்தார். கட்டடம் எழுப்பப் பொருள் தருவாரில்லை. இதனை நினைக்குந்தோறும் எனக்கு ஆறாத மனவருத்தம் உண்டாகும். முதல் உலகப் போரிலே ஆங்கிலப் படையிற் சேர மறுத்தார். 1917இல் அச்செல்வத்தோடு அமெரிக்காவின் பொஸ்டன் அரும்பொருட்சாலைக்குச் சென்று இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளரானார். அபிநயதர்ப்பணத்தின் மொழிபெயர்ப்பு அவ்வாண்டிலும், சிவனது நடனம் பற்றிய நூல் 1918இலும் வெளிவந்தன. எதெல் அம்மையார் அவரைப் பிரிந்தபின் சசெக்ஸ் மாகாணத்து டிச்லிங் என்னும் ஊரிலே தறியமைத்து, இயற்கைச் சாயமூட்டிய நூலால் நெய்து, ஆங்கில நாட்டுக் கைந்நெசவுக்குப் புத்துயிர் அளித்தார். ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கில் ஓய்ந்த தறி வேறோரிடத்தில், கண்டிக் கிராமங்களைக் கண்டுவந்த ஒருத்தியின் கையால், மீண்டும் ஒலித்தது.

குமாரசுவாமி எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய 1947 ஆகத்திலே இந்தியா விடுதலை பெற்றது. அமெரிக்கப் பணியை முடித்துக்கொண்டு அடுத்த ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பித் தவவாழ்வு மேற்கொள்ள எண்ணியிருந்தார். அவ்வாண்டு செத்தெம்பர் 9ஆம் நாள், பொஸ்டனுக்கு அணித்தாகிய நீடம் என்னும் ஊரிலே, எண்ணம் நிறைவேறுமுன் காலமானார்.